பனிக்காலத்தில் உடல்நலம் பேணுவோம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்து ஓதித் தொடங்குகிறோம்.

      

வழக்கமாக ஆண்டுக் கூட்டத்தில் நாம் ஜகாத்தைப் பற்றியோ, மதரஸா பிள்ளைகளின் கல்வியைப் பற்றியோ உரையாற்றுவது உங்களுக்குத் தெரியும். இம்முறை நிர்வாகக் குழுவினரிடம் அனுமதி பெற்று, வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். பனிக்காலம் வாசலில் வந்து நிற்கிறது. இக்காலத்தில் நம் உடலை எவ்வாறு பேணிக்கொள்வது என்பதே இன்றைய பேச்சு. இவர் மருத்துவரா, இதைப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். நாம் மருத்துவர் அல்லர். ஆயினும் உடல் என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். அமானிதத்தைப் பேணுவதைப் பற்றிப் பேசுவது இமாமின் கடமைகளுள் ஒன்று. மேலும், இப்பொருளில் நாமே ஒரு தவறு செய்திருக்கிறோம். அதனையும் இறுதியில் உங்கள் முன் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் ஊரின் குளிர்

சமவெளியில் இருக்கும் நம் உறவினர்களுக்கு மார்கழிக் குளிர் என்பது ஒரு போர்வையோடு முடிந்துவிடும். நம் நிலைமை அதுவன்று. உதகை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்தவுடன் உறைபனி தொடங்குகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளத்தாக்குகளில் புல்வெளி வெண்மையாகி, தேயிலைச் செடிகள் கருகுவதைக் காண்கிறோம். வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்கும் விடியற்காலைகளும் உண்டு. அதே நாளில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். ஒரே நாளில் இரண்டு பருவங்களை உடல் தாங்க வேண்டியிருக்கிறது. குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளும் தடுமாறுவது இங்கேதான்.

ஒளூவும் தொழுகையும்

முதலில் பள்ளிவாசலிலிருந்தே தொடங்குவோம். சுபுஹு நேரத்தில் ஹவுளில் கை வைத்தால் விரல் மரத்துப் போகிறது. அந்தச் சிரமத்தோடு ஒளூ செய்வதற்கு நன்மை அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால், வெந்நீர் இருக்கும்போது அதை விட்டுவிட்டு, உடல் நலிந்தவர் வேண்டுமென்றே குளிர்ந்த நீரைத் தேடிச் செல்ல மார்க்கம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வெந்நீரில் ஒளூ செய்வது ஆகுமானது. அதனால் நன்மையில் குறை நேர்ந்துவிடும் என்று எவரும் மனம் வருந்த வேண்டாம்.

ஒளூ செய்தபின் ஈரத்தோடு வந்து ஸஃப்பில் நிற்காதீர்கள். முகம், கை, கால்களைத் துடைத்துக்கொள்ளுங்கள். விரல் இடுக்குகளைக் கட்டாயம் துடையுங்கள். ஈரம் தங்கும் இடத்தில்தான் சேற்றுப்புண்ணும் வெடிப்பும் தோன்றுகின்றன. இரவில் படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் சிறிது தடவிக்கொண்டால் குதிகால் வெடிப்பு பெருமளவு குறையும். தோல் காலுறை அணிபவர்கள், அதை ஒளூவுடன் அணிந்திருந்தால், உள்ளூரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவும், பயணி மூன்று பகல் மூன்று இரவும் அதன் மேல் மஸஹ் செய்யலாம். இச்சலுகையை நம்மில் பலர் கிதாபில் படித்ததோடு சரி, பயன்படுத்துவதில்லை.

தாத்துஸ் ஸலாஸில் போர்ப் பயணத்தில் நிகழ்ந்ததை ஆலிம்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடுங்குளிரான ஓர் இரவில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது விளக்கம் கேட்டார்கள், விளக்கத்தைக் கேட்டபின் புன்னகைத்தார்கள், கண்டிக்கவில்லை. குளிரும் காற்றும் மிகுந்த இரவுகளில் அவரவர் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்த செய்தியும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஆகவே இருதய நோயாளிகளும், மூச்சிரைப்பு உள்ள முதியவர்களும் உறைபனி நாட்களில் சுபுஹை வீட்டில் தொழுதால் அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. கட்டிலில் கிடக்கும் இருபது வயது இளைஞருக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

கையும் இருமலும்

சளி, காய்ச்சல் பெரும்பாலும் குளிரினால் மட்டும் வருவதில்லை. வைரஸ் கிருமிகளால் வருகின்றன. குளிருக்காகக் கதவு, சன்னல்களை அடைத்துக்கொண்டு நெருக்கமாக அமர்வதால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் தொற்றுகின்றன. 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவிப் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்ட நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நாட்களில் கற்ற பாடத்தை மட்டும் விரைவில் மறந்துவிட்டோம். சோப்பு போட்டு இருபது நொடியாவது கை கழுவுதல், இருமும்போதும் தும்மும்போதும் வாயை மூடுதல், காய்ச்சல் உள்ளவர் கூட்டத்தைத் தவிர்த்தல், வெளியே வர நேர்ந்தால் முகக்கவசம் அணிதல் ஆகிய நான்கும் செலவில்லாத மருந்துகள். தும்மும்போது நபி (ஸல்) அவர்கள் கையாலோ ஆடையாலோ முகத்தை மறைத்துக்கொள்வார்கள் என்று அறிந்திருக்கிறோம். கையால் மறைத்தவர் உடனே கையைக் கழுவிவிடுவது நல்லது. முழங்கை மடிப்பில் தும்முவது இன்னும் நல்லது. சளி பிடித்த நாட்களில் முஸாஃபஹா செய்யாமல் வாயால் ஸலாம் சொல்பவரைத் தவறாக எண்ணாதீர்கள். அவர் உங்கள் நலனையே நாடுகிறார்.

நம் பள்ளியில் ஒளூ செய்யுமிடத்தில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. காலை முதல் இரவு வரை வருவோர் போவோர் அனைவரும் அதில்தான் முகம் துடைத்தார்கள். பனிக்காலத்தில் அது காய்ந்ததே இல்லை. நிர்வாகத்தினர் அதனை அகற்றியபோது சிலருக்கு மனவருத்தம் ஏற்பட்டது. அவரவர் ஒரு கைக்குட்டை கொண்டு வாருங்கள். தலைக்குத் தொப்பியும் அவ்வாறே. கூடையில் கிடக்கும் தொப்பியை எத்தனை தலைகள் மாற்றிக்கொண்டன என்று சொல்ல முடியாது!

காய்ச்சல் வந்தவுடன் மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. வைரஸால் வரும் சாதாரணச் சளிக்கு அம்மாத்திரை பயன் தராது. தேவையின்றித் தின்று பழகினால், உண்மையில் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமல் போகும் ஆபத்தும் உண்டு. சளி ஏழு முதல் பத்து நாட்களுக்குள் தானாகவே தணியும். ஓய்வும், சூடான நீராகாரமும், உப்பிட்ட வெந்நீரால் தொண்டையைக் கொப்பளிப்பதும் போதுமானவை. மூச்சுத் திணறல், குறையாத காய்ச்சல், குழந்தை பால் குடிக்க மறுத்தல், நெஞ்சு உள்வாங்கி மூச்சுவிடுதல் ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இருதய, நுரையீரல் நோயாளிகள் ஆகியோர் ஆண்டுக்கொருமுறை போடும் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றித் தம் மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

தேனும் கருஞ்சீரகமும் நம் வீடுகளில் இருக்கட்டும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். அக்குழந்தைகளின் குடலால் தாங்க முடியாத ஒரு நச்சுக்கிருமி தேனில் இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கும்போது, கருஞ்சீரகத்தைக் காரணம் காட்டி மருத்துவரைத் தவிர்ப்பது பேணுதல் ஆகாது.

உணவும் தண்ணீரும்

குளிரில் தாகம் தெரிவதில்லை. ஆதலால் தண்ணீர் குடிப்பதை மறந்துவிடுகிறோம். விளைவு, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, உதடு வெடிப்பு. மருத்துவர் அளவு குறிப்பிட்டுக் கட்டுப்படுத்தியவர்களைத் தவிர மற்றவர்கள், ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து தம்ளர் தானாக உள்ளே போய்விடும். மீதியை உணவோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தேயிலை நம் மலையின் பிழைப்பு. அதைக் குறைகூற நமக்கு வாய் வராது. ஆயினும் ஒரு நாளைக்கு எட்டுத் தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, தொட்டுக்கொள்ள வர்க்கி என்றால் உடல் என்னாகும்? சாப்பாட்டோடு தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது. இரத்தசோகையுள்ள பெண்மக்கள் இதனைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

நம் மண்ணிலேயே விளையும் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ், கீரை ஆகியவை லாரி லாரியாக மேட்டுப்பாளையம் இறங்குகின்றன. நம் தட்டிலோ சோறும் ஆணமும் மட்டுமே இருக்கின்றன. மிளகு ரசம், இஞ்சித் தண்ணீர், ராகிக் கஞ்சி, நெல்லிக்காய், கொய்யா என்று எளிய பொருள்களையே உண்டு வரலாம். பனிக்காலத்தில் வலீமாக்களும் அதிகம். பிரியாணி கிடைத்த இரவில் மறுநாள் காலை நடையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதியோரும் நோயாளிகளும்

குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இருதயம் கூடுதலாக உழைக்கிறது. எனவே அழுத்த மாத்திரை உண்பவர்கள் இக்காலத்தில் ஒரு வேளையும் தவறவிடலாகாது. படுக்கையிலிருந்து சடக்கென எழாமல், சற்று அமர்ந்து, தலைக்குக் குல்லாவும் காலுக்கு உறையும் அணிந்து வெளியே வாருங்கள். இருதய நோயாளிகள் வெயில் ஏறியபின் நடப்பது நல்லது. நெஞ்சில் அழுத்தம், இடது தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிரிலும் வியர்வை என்றிருந்தால் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துப் படுக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். நம் வளைவுச் சாலைகளில் பயணத்திற்கே எவ்வளவு நேரமாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். 108க்கு அழைப்பதைத் தாமதிக்காதீர்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கண்டு அஞ்சுகிறார்கள். பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்கள். அது அடிமைப்படுத்தும் பொருளன்று. மருந்தை நேரே நுரையீரலுக்குக் கொண்டுசெல்வதால் சிறிதளவே போதுமானதாகிறது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். அவர்கள் நெருப்பருகே காலை நீட்டிக் காய்வதோ, வெந்நீரில் காலை வைப்பதோ பெரும் ஆபத்து. தோல் வெந்தபின்தான் தெரியும். வெந்நீரின் சூட்டை வீட்டிலுள்ள வேறொருவர் பார்த்துத் தரட்டும்.

கரிச்சட்டி

அன்பிற்குரியவர்களே! இப்பொழுது நாம் முதலில் குறிப்பிட்ட அந்தத் தவறுக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். மஃக்ரிபுக்குப் பின் மக்தபில் ஓதவரும் பிள்ளைகள் குளிரில் நடுங்குவதைக் கண்டு மனம் பொறுக்காமல், இரும்புச் சட்டியில் கரி மூட்டி அறையின் நடுவே வைக்கச் செய்தோம். முதலில் வெளியே வைத்துப் புகை அடங்கிக் கனல் ஆனபின்தான் உள்ளே எடுத்தோம். கதவையும் சன்னலையும் சாத்தினோம். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். அரை மணி நேரம் சென்றிருக்கும். ஒரு சிறுவன் தலை வலிக்கிறது என்றான். அடுத்தவனும் அதையே சொன்னான். ஒரு சிறுமி வாந்தி வருகிறது என்றாள். ஓதுவதற்குச் சோம்பல் கொண்டு சாக்குச் சொல்கிறார்கள் என்று எண்ணி நாம் கடிந்துகொண்டோம். நமக்கும் தலை கனத்துக்கொண்டுதான் இருந்தது. சளி பிடிக்கப்போகிறது என்று நினைத்தோம். அந்நேரம் இஷாவுக்குப் பாங்கு சொல்ல வந்த மோதினார் கதவைத் திறந்தார். அந்தச் சிறுமி எழுந்து இரண்டடி வைத்துத் தள்ளாடி விழுந்தாள்.

வெளிக்காற்றில் சற்று நேரத்தில் தெளிந்தாள், அல்ஹம்துலில்லாஹ். உடனே பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் விசாரித்துவிட்டு எம்மைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தலைவலி என்று சொல்வதற்கும் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்" என்றார். அச்சொல் இன்றும் நம் காதில் நிற்கிறது. மறுநாள் அப்பிள்ளைகளிடமும், அவர்களுடைய பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டோம். இன்று ஜமாஅத் முழுவதின் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறோம்.

மருத்துவர் விளக்கியது யாதெனில், கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிய கனலிலிருந்தே அது மிகுதியாக வெளிப்படும். புகை இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நாம் எண்ணியது முற்றிலும் பிழை. நம் இரத்தம் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. பிறகு பிராணவாயுவுக்கு இடமிராது. மலை உயரத்தில் நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏற்கெனவே குறைவு. தலைவலி, மயக்கம், குமட்டல், கைகால் தளர்ச்சி என்று தொடங்கும். உறக்கத்தில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. குழந்தைகள் விரைவாக மூச்சு விடுவதால் அவர்களே முதலில் பாதிக்கப்படுகிறார்கள். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஆபத்து. கரி மூட்டிய அறையைச் சாத்திக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழாத செய்தியை நம் மலைப்பகுதி நாளிதழ்களில் படிக்காத பனிக்காலம் அரிது.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடும்பத்தாரோடு தீப்பற்றியபோது, உறங்கச் செல்லும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தியை மதரஸாவில் படித்தோம். பலமுறை பயானும் செய்திருக்கிறோம். விளக்கும் வீடும் மட்டுமே நம் நினைவில் இருந்தன. கரிச்சட்டி நினைவுக்கு வரவில்லை. ஓதியதை வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்காத குறை எம்முடையது.

ஆகவே தாய்மார்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறோம். பிள்ளை பெற்ற வீட்டில் தாயையும் சேயையும் அறையில் வைத்து, கனல் சட்டியும் சாம்பிராணியும் போட்டுக் கதவைச் சாத்தும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்று சமாதானம் கொள்ளாதீர்கள். கரியை உறங்கும் அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். சன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர் பொருத்துவதும் இதே ஆபத்துத்தான். யாரேனும் மயங்கிக் கிடக்கக் கண்டால், கதவு சன்னல்களை அகலத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108க்கு அழையுங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கம்பளி ஆடையை ஒன்றன்மேல் ஒன்றாக அணிதல், தலையையும் காதையும் பாதத்தையும் மூடுதல், தரையில் படுக்காமல் கட்டிலிலோ பலகையிலோ படுத்தல், துணி சுற்றிய வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்துக்கொள்ளுதல், பகலில் போர்வைகளை வெயிலில் உலர்த்துதல் ஆகியவை குளிரைத் தாங்கப் போதுமானவை.

ஜமாஅத்தின் பொறுப்பு

ஆனால் போர்வை இல்லாதவர் என்ன செய்வார்? நம் மஹல்லாவின் பின்புறக் குடியிருப்புகளிலும், தோட்ட லைன் வீடுகளிலும், வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தொழிலாளர்கள் தங்கியிருக்கும் தகர அறைகளிலும் கரி மூட்டுகிறார்கள். ஒரு கம்பளி வாங்கும் காசில் பல நாட்களுக்குக் கரி வாங்கலாம் என்பதுதான் காரணம். கரிச்சட்டியை எடுத்துவிடுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது உபதேசமாகாது. கம்பளியையும் கையில் கொண்டுபோக வேண்டும்.

எனவே நிர்வாகக் குழுவிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, பைத்துல்மாலிலிருந்து இவ்வாண்டு பனிக்காலம் முற்றும் முன்பே கம்பளிகள் வாங்கி, எந்த மதத்தவர் என்று பாராமல் தேவையுள்ளோருக்கு வழங்குதல். இரண்டு, இளைஞர்கள் இருவர் இருவராகச் சென்று அந்த அறைகளில் கரியின் ஆபத்தை எடுத்துச் சொல்லுதல். மூன்று, தனியாக வாழும் முதியோரை உறைபனி நாட்களில் காலையில் ஒருமுறை கதவு தட்டி விசாரித்தல். கடைசியில் சொன்னதற்குச் செலவே இல்லை. சுபுஹு தொழுதுவிட்டு வீடு திரும்பும் வழியில் செய்துவிடலாம்.

சட்டியில் கரி மூட்டிய நாமும் நன்மையை நாடித்தான் செய்தோம். நல்ல எண்ணத்தோடு அறிவும் சேர வேண்டும் என்பதை அந்தச் சிறுமி தள்ளாடி விழுந்தபோதுதான் அறிந்துகொண்டோம். அவள் இன்று நலமாக இருக்கிறாள். இதோ திரைக்கு அப்பால் தன் தாயோடு அமர்ந்திருக்கிறாள். அவளுக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நிறைந்த ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக! நோயுற்றோருக்கு நற்சுகம் அளிப்பானாக! இந்தப் பனிக்காலத்தை ஓர் இழப்புமின்றிக் கடக்க நம் ஊரார் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.